ரொயோற்றா கொரோலா 110 கார்: பின்சில்லை நேராக்க எடுத்த மூன்று மாதம்

போன சனிக்கிழமை வேர்ணியர் இடுக்கிமானியின் வாலை ரயர்த் தவாளிப்புக்குள் விட்டு ஆழம் பார்த்தேன். இடது பின் ரயர்: உள்விளிம்பு 7.1, நடு 7.2, வெளிவிளிம்பு 7.2 மி.மீ. புதிதாகப் பூட்டி 4,200 கி.மீ. ஓடிவிட்டது. இதற்கு முதல் கிடந்த சோடியை 9,000 கி.மீ. போவதற்குள் உள்விளிம்பில் கம்பி தெரிந்து கழற்ற வேண்டி வந்தது. அந்த இரண்டும் இன்னும் கிணற்றடியில் சாத்தியபடி கிடக்கின்றன. வெளியே நின்று பார்க்கிறவருக்கு நல்ல ரயர். கையை உள்பக்கம் விட்டுத் தடவினால்தான் விஷயம் தெரியும்.

இந்த மூன்று மாதத்தில் அளந்தது, வாங்கினது, பிழை விட்டது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதி போட்டுக் குறித்து வந்தேன். யாழ்ப்பாணத்தில் 110 வைத்திருக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அவர்களில் சிலர் இதே இரைச்சலையும் இதே தேய்மானத்தையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் கொப்பியில் உள்ள வரிசைப்படியே எழுதுகிறேன்.

என்னுடையது 1998ஆம் ஆண்டு ஏஈ110. 1,500 சிசி பெற்றோல் எஞ்சின், 14 அங்குல றிம், 175/65 ரயர். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிற்பாட்டிய பிறகு பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில் எனக்குக் கட்டுபடியானது இதுதான். முதல் வைத்திருந்தவர் வேலணைப் பக்கம். நாளாந்தம் பண்ணைக் கடலைக் குறுக்கறுக்கும் வீதியால் ரவுணுக்கு வந்துபோன கார். பொடி நல்லம், எஞ்சின் நல்லம். உப்புக்காற்று அடியில் என்ன செய்திருக்கும் என்று வாங்குகிற நேரம் குனிந்து பார்க்கவில்லை.

இரைச்சல்

முதலில் வந்தது சத்தம்தான். கண்டி வீதியால் சாவகச்சேரிப் பக்கம் போகும்போது, வேகம் 60ஐத் தாண்டியதும் பின்னால் ஒரு ஊதல். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். கராஜில் ஓடிப் பார்த்துவிட்டு, இடது பின் பெயாரிங் என்றார்கள். பெயாரிங் 14,500, கூலி 3,000. மாற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலம் வரை ஓடிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் ஜக் அடித்து, பின் ரயர் இரண்டையும் முன்னுக்கும் முன் ரயர் இரண்டையும் பின்னுக்கும் மாற்றிப் பூட்டினேன். ஓடிப் பார்த்தால் ஊதல் முன்னால் கேட்கிறது. அப்படியானால் சத்தம் போட்டது ரயர்தான். அரை மணித்தியாலத்தில் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. பெயாரிங்குக்குக் காசு எண்ணிக் கொடுக்க முதல் செய்திருக்க வேண்டும்.

கழற்றிய ரயரை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். இரண்டு பின் ரயரும் உள்விளிம்பில் தேய்ந்திருந்தன, இடது மோசம். இன்னொன்றும் கையில் பட்டது: குறுக்கே ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் அரம் மாதிரிச் சுரண்டியது. இதைக் கொப்பியில் எழுதினேன், ஆனால் அதன் பொருள் அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அடுத்த ஒரு மாதம் மிச்சம்.

வீல் அலைன்மென்ற் செய்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன். முன்சில்லு இரண்டையும் சரிபார்த்து, ஸ்ரியரிங் நேராக நிற்கும்படி செய்து தந்தார்கள். 3,500 ரூபா. பின்சில்லு என்ன மாதிரி என்று கேட்டேன்.

“பின்னுக்கு ஒண்டும் செய்யேலாது அண்ணை. அது பிக்ஸ்.”

அந்தப் பெடியனில் பிழை இல்லை. எங்கள் ஊர்க் கைகள் பழகிய கார்களை யோசித்துப் பாருங்கள். ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர்: எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே குழாய் அச்சு, கீழே பட்டை ஸ்பிறிங். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காப்பாற்றினதும் இந்தக் கார்களைத்தான். அவற்றின் பின்சில்லில் திருப்ப ஒன்றுமே கிடையாது. பிறகு வந்த விற்ஸ், அக்சியோ போன்றவற்றிலும் பின்னால் முறுகும் உத்தரம் ஒன்றுதான், அதிலும் செற் பண்ண இடம் இல்லை. இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் வந்த 110இன் பின்பக்கம் வேறு. ஒவ்வொரு சில்லும் தனித்தனியே ஷொக்கில் நிற்கிறது. கீழே குறுக்காக இரண்டு ஆம் (சில்லைப் பிடிக்கும் இரும்புக் கை), முன்னோக்கி ஒரு கம்பி. பின்னால் உள்ள ஆமின் உள்முனையில் கோடுபோட்ட கேம் (மையம் விலகிய வட்டு) ஒன்று இருக்கிறது. அது பின்சில்லின் டோவை, அதாவது சில்லின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணத்தை, திருப்புவதற்கென்றே கம்பனி வைத்தது. துருவும் சேறும் மூடிக் கிடந்ததில் எனக்கும் அது முதல் நாள் கண்ணில் படவில்லை.

தூக்குக் குண்டு

காருக்குப் பின்னால் நாலு அடி தள்ளிக் குந்தியிருந்து பார்த்தேன். இடது சில்லின் தலை உள்ளே சாய்ந்து நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. கேம்பர், அதாவது சில்லின் சாய்வு, பிழை, அதுதான் உள்பக்கம் தேய்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். சில்லின் தலை உள்ளே சாய்ந்தால் அந்தக் கோணத்தைச் சய (மைனஸ்) என்று எழுதுவார்கள். இந்தக் காருக்குப் பின்னால் சய 1 பாகையளவு சாய்வு பிறப்பிலேயே உண்டு. அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அளப்பதற்கு மேசன்மாரின் தூக்குக் குண்டு போதும். மட்காட்டின் விளிம்பில் ஒரு அழிறப்பரை ரேப்பால் ஒட்டி, அதன் மேலால் நூலை விட்டுக் குண்டைத் தொங்கவிட்டேன். அழிறப்பர் எதற்கென்றால், ரயரின் அடிவயிறு புடைத்து நிற்கும், நூல் அதில் முட்டக்கூடாது. குண்டு ஆடாமல் இருக்க ஒரு ரின் தண்ணீருக்குள் இறக்கினேன். பிறகு நூலிலிருந்து றிம்மின் மேல்விளிம்புக்கு எவ்வளவு, கீழ்விளிம்புக்கு எவ்வளவு என்று அளக்க வேண்டும். ரயரில் அளக்கக் கூடாது, றிம்மில்தான். என் றிம்மில் அந்த இரண்டு புள்ளிக்கும் இடையே 38 செ.மீ. அந்த நீளத்துக்கு 6.6 மி.மீ. வித்தியாசம் வந்தால் 1 பாகை.

இடது: 14 மி.மீ. வலது: 3.5 மி.மீ. அதாவது இடது சய 2.1, வலது சய 0.5. இந்த அளவு வித்தியாசத்தைப் பார்த்ததும் இடது ஷொக் எங்கேயோ பள்ளத்தில் விழுந்து வளைந்திருக்கிறது என்று நினைத்தேன். ஸ்ரான்லி வீதியில் பாவித்த ஷொக் ஒன்று 9,000 ரூபாவுக்கு எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து மாற்றினேன். திரும்ப அளந்தேன்: 14 மி.மீ. ஒரு மயிரிழை மாறவில்லை. பழையதைக் கழற்றி, நிலத்தில் உருட்டிப் பார்த்தேன். அது நேராகவே இருந்தது.

பக்கத்து வளவு ஐயா பழைய மேசன். எங்கள் போர்ட்டிகோ நிலமும் அவர் பூசினதுதான். மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்.

“தம்பி, குண்டு கட்டி என்னத்தைப் பாக்கிறீர்?”

“சில்லு சரிஞ்சு நிக்குதோ எண்டு பாக்கிறன் ஐயா.”

“அந்த நிலமே சரிவெல்லோ. மாரித் தண்ணி நிக்கக்கூடாதெண்டு வலப்பக்கம் வாட்டம் விட்டுத்தான் பூசினனான்.”

அவரே போய்த் தண்ணி மட்டம் பார்க்கிற கண்ணாடி ரியூப்பை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பின்சில்லுக்கும் அடியில் மட்டம் பிடித்தோம். 145 செ.மீ. அகலத்துக்கு வலது பக்கம் 12 மி.மீ. தாழ்வு. கணக்குப் போட்டால் அரைப் பாகை. கார் முழுதும் வலப்பக்கம் அரைப் பாகை சாய்ந்து நிற்க, இடது சில்லில் அது கூட்டிக் காட்டியது, வலது சில்லில் குறைத்துக் காட்டியது. வலப்பக்க இரண்டு சில்லுக்கும் கீழே 12 மி.மீ. பிளைவுட் துண்டு வைத்து மட்டம் சரிபார்த்து மீண்டும் அளந்தோம். இடது 11 மி.மீ., வலது 6.5 மி.மீ. அதாவது சய 1.7, சய 1.0.

அளக்கும்போது இன்னொரு சின்ன விஷயமும் பிடிபட்டது. இடது றிம்மே ஒரு இடத்தில் 1 மி.மீ. நெளிந்திருந்தது. றிம்மில் ரேப் துண்டு ஒட்டி, ஒருமுறை அளந்து, காரை முன்னே தள்ளிச் சில்லை அரைச் சுற்று உருட்டி, மறுமுறை அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தேன். மேலே உள்ள எண்கள் அப்படி எடுத்தவை.

இப்போதுதான் யோசனை வந்தது. வலது சில்லில் கேம்பர் 1 பாகை, இருக்க வேண்டியபடி இருக்கிறது. ஆனால் வலது ரயரும் உள்விளிம்பில் தேய்ந்திருக்கிறது. இடது 1.7தான் என்றாலும், அந்தச் சாய்வு மட்டும் ஒரு ரயரை 9,000 கி.மீ.க்குள் கம்பி வரை தின்னாது. கையில் பட்ட அரம் நினைவுக்கு வந்தது. சாய்ந்து ஓடுகிற ரயர் ஒரு பக்கம் வழவழப்பாகத் தேயும். அரம் மாதிரிப் பல் வைப்பது, குறுக்கே இழுபட்டுக்கொண்டு உருள்கிற ரயர். கேம்பர் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அதன்மேல் பழியைப் போட்டிருந்தேன். டோவைக் கண்ணால் பார்க்க முடியாது, நூல் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

தங்கூசி

மேலேயிருந்து பார்க்கும்போது சில்லின் மூக்கு உள்ளே திரும்பியிருந்தால் டோ இன், வெளியே திரும்பியிருந்தால் டோ அவுட். இதை அளக்க காரின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, காரின் நடுக்கோட்டுக்கும் சமாந்தரமாக இரண்டு நூல் வேண்டும்.

குருநகரில் வலைச்சாமான் விற்கிற கடையில் தங்கூசி (மீன்பிடி நரம்பு) ஒரு சுருள் வாங்கினேன், 250 ரூபா. பருத்தி நூல் தொய்யும், காற்றுக்கு ஆடும். தங்கூசியை இழுத்துக் கட்டினால் வீணைத் தந்தி மாதிரி நிற்கும். முக்கால் அங்குல பிவிசி பைப் இரண்டு, ஒவ்வொன்றிலும் சரியாக 190 செ.மீ. இடைவெளியில் வாளால் இரண்டு கீறல். காரின் அகலம் 169 செ.மீ. என்பதால் பக்கத்துக்குப் பத்து செ.மீ. இடம் கிடைக்கிறது. ஒரு பைப் காருக்கு முன்னால், ஒன்று பின்னால், சீமெந்துக் கல் அடுக்கி சில்லின் நடு உயரத்துக்கு வைத்தேன். கீறல்களில் தங்கூசியை விட்டு இரண்டு நுனியிலும் அரைச் செங்கல் தொங்கவிட்டேன். கீறல்கள் சம தூரத்தில் இருப்பதால் இரண்டு நூலும் தாமாகவே சமாந்தரம். மிச்ச வேலை பைப்பை அங்கே இங்கே தட்டுவது: முன் ஹப்பின் (சில்லின் மையக் குடத்தின்) நடுவிலிருந்து நூலுக்கு இடமும் வலமும் ஒரே தூரம், பின் ஹப்பிலிருந்தும் இடமும் வலமும் ஒரே தூரம். முன்னும் பின்னும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இடமும் வலமும்தான் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தத் தட்டுகிற வேலைதான் அதிக நேரம் எடுத்தது. முதல் நாள் ஒன்றரை மணித்தியாலம், இப்போது இருபது நிமிடம்.

பிறகு ஒவ்வொரு சில்லிலும் றிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை உருக்கு அடிமட்டத்தால் அளந்தேன். வலது பின்: டோ இன் 1 மி.மீ. இடது பின்: டோ அவுட் 6 மி.மீ.

நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். ஆறுதான்.

38 செ.மீ.க்கு 6 மி.மீ. என்றால் 0.9 பாகை. வலது சில்லு உள்ளே, அதாவது இடப்பக்கம், 0.15 பாகை பார்க்கிறது. இடது சில்லு வெளியே, அதுவும் இடப்பக்கம், 0.9 பாகை பார்க்கிறது. ஆக பின்பக்கம் முழுதும் சராசரியாக அரைப் பாகை இடப்பக்கம் போக நினைக்கிறது. கார் நேராகப் போக வேண்டுமென்றால் முன்சில்லும் அதே அளவு இடப்பக்கம் திரும்ப வேண்டும். கார் நண்டு மாதிரிக் கொஞ்சம் குறுக்காக ஓடும்.

அது உண்மையா என்று பார்க்க வசதியாக இரண்டு நாளில் ஐப்பசி மழை பெய்தது. எங்கள் ஒழுங்கை செம்மண். விடிய எழும்பி, ஒருவரும் போக முதல் காரை நேராக நாற்பது மீற்றர் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் பின் ரயரின் தடம் முன் தடத்துக்கு வெளியே ஒரு விரல் தள்ளி, வலப்பக்கம் பின் தடம் முன் தடத்துக்கு உள்ளே. ஸ்ரியரிங் மட்டும் நேராக நின்றது. அலைன்மென்ற் கடையில் முன்சில்லு இரண்டையும் இந்தக் கோணலான பின்பக்கத்துக்கு ஏற்ப வைத்து, ஸ்ரியரிங்கை நேராக்கித் தந்திருக்கிறார்கள். அதனால்தான் ஓட்டுகிற எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

வலது ரயர் ஏன் தேய்ந்தது என்பதற்கும் இதில் விடை இருந்தது. கோணல் இடது சில்லில்தான். ஆனால் கார் இரண்டுக்கும் நடுவான திசையில் போகிறது. நடுத் திசையிலிருந்து பார்த்தால் இரண்டு சில்லும் ஆளுக்கு 0.38 பாகை வெளியே பார்க்கின்றன. குற்றம் ஒன்றில், தேய்மானம் இரண்டிலும். 0.38 பாகை என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு கிலோமீற்றர் ஓடும்போது ஆறரை மீற்றருக்கு ரயர் குறுக்கே இழுபடுகிறது என்று கணக்குப் பார்த்த பிறகு எனக்கு அந்த இரைச்சல் வேறு மாதிரிக் கேட்டது.

புஷ்

காரை உயர்த்தி 3 தொன் ஸ்ரான்ட் இரண்டில் வைத்தேன். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். டோர்ச் அடித்துப் பார்த்தால் ஆம்களின் முனைகளில் உள்ள புஷ் (இரும்புக் குழாயோடு ஒட்டிய றப்பர்) எல்லாம் இருக்கிறது, கிழிசல் தெரியவில்லை. சில்லைப் பிடித்து ஆட்டினாலும் ஆட்டம் இல்லை. ஒரு நெம்புகம்பியை ஆமுக்கும் குறுக்குத் தண்டுக்கும் நடுவில் விட்டு நெம்பியபோதுதான் தெரிந்தது: முன் ஆமின் உள்முனைப் புஷ்ஷில் றப்பர் இரும்பை விட்டுக் கழன்று, ஆம் 3 மி.மீ. வெளியே போய் வந்தது. தொங்குகிற சில்லில் அது தன் இடத்தில் இருக்கும். காரின் பாரம் ஏறினால் கீழ் ஆம்களை வெளியே இழுக்கும், அப்போது விலகும். முன் ஆம் வெளியே போனால் சில்லின் மூக்கு வெளியே: டோ அவுட். கூடவே சில்லின் அடியும் வெளியே: கேம்பர் கூடும். 0.9 பாகை டோவும், இடது பக்கம் கூடுதலாக இருந்த கேம்பரில் ஒரு பங்கும், இந்த ஒரு புஷ்ஷில் வந்து நின்றன.

கழற்றுவதுதான் பாடுபடுத்தியது. இரண்டு ஆமின் வெளிமுனையையும் சில்லோடு பிடித்திருப்பது ஒரே ஒரு நீண்ட போல்ற். நட்டு பைப் போட்டதும் கழன்றது. போல்ற் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. இரண்டு இரவு எண்ணெய் ஊறவிட்டேன். அசையவில்லை. உதவிக்கு வந்த தம்பி ஒருவர் காஸ் வைத்துச் சூடாக்குவோம் என்றார். பின் சீற்றுக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் பெற்றோல் ராங்க். நெருப்பும் வேண்டாம், பொறி பறக்கிற கிறைண்டரும் வேண்டாம் என்று நின்றுகொண்டேன். இரும்பு வாளால் கையாலேயே அறுத்தோம், ஆமுக்கும் சில்லுத் தாங்கிக்கும் இடையில், இரண்டு பக்கமும். ஐந்து பிளேட், இரண்டே முக்கால் மணித்தியாலம், மாறி மாறி. நடுவில் மிஞ்சிய துண்டைச் சுத்தியலும் பஞ்ச் உளியும் வைத்து அடித்து வெளியேற்றினோம்.

ஆம் இரண்டையும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழைய புஷ் நாலையும் பிரஸ்ஸில் தள்ளிப் புதிது நாலு ஏற்றினேன். ஒன்று மட்டும்தான் போயிருந்தது. ஆனாலும் கழற்றுகிற பாட்டை நினைத்தால் நாலையும் மாற்றாமல் விடக்கூடாது. நீண்ட போல்ற் இங்கே கிடைக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. பூட்டும்போது போல்ற்றின் உடம்பு முழுக்கக் கிறீஸ் தடவினேன்.

பூட்டும்போது ஒரு பிழை விட்டேன். சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ற்றுகளை முழுதாக இறுக்கிவிட்டேன். காரை இறக்கிப் பார்த்தால் இடது பின்பக்கம் மட்டும் 9 மி.மீ. உயர்ந்து நின்றது. புஷ் றப்பர் தொங்கும் நிலையில் பிடிபட்டுவிட்டதால், பாரம் ஏறும்போது அது முறுகி எதிர்க்கிறது. அப்படியே ஓடியிருந்தால் புதுப் புஷ்ஷும் கிழிந்திருக்கும். எல்லாவற்றையும் தளர்த்தி, சில்லுக்குக் கீழே கல்லும் பலகையும் அடுக்கிக் காரின் பாரத்தைச் சில்லில் ஏற்றி, அதன்பிறகு இறுக்கினேன்.

கேம்

இடது கேமை முன்பே எண்ணெயில் ஊறவிட்டிருந்ததால் திரும்பியது. ஒரு கோடு நகர்த்தினால் என் காரில் றிம்மில் ஏறக்குறைய 1 மி.மீ. மாறியது. சில்லுகள் நிலத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்காமல் இருக்க, ஒவ்வொரு பின்சில்லுக்கும் கீழே இரண்டு ரைல்ஸ் துண்டு, நடுவில் கிறீஸ். உயரம் சமப்பட முன்சில்லுகளுக்கும் அதே கனத்தில் வைத்தேன். ஒவ்வொரு தடவை திருப்பிய பிறகும் டிக்கியை நாலு தரம் அமத்தி விட்டு அளந்தேன். இறுக்கும்போது கேம் தானாகக் கொஞ்சம் ஓடும். அதனால் ஒரு கையால் கேமைச் சாவி போட்டுப் பிடித்துக்கொண்டுதான் நட்டை இறுக்க வேண்டும். நாலாவது தடவையில் நிலைத்தது. முடிவில் காரை ரைல்ஸிலிருந்து இறக்கி, பத்து மீற்றர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டுத் திரும்ப நூல் கட்டினேன். இடது டோ இன் 1.2, வலது டோ இன் 1 மி.மீ. கேம்பர் இடது 9.5 மி.மீ., அதாவது சய 1.4. வலது பழையபடி சய 1.0.

அடுத்த நாள் காரை றோட்டில் இறக்கினேன். கார் நேராகப் போகிறது, ஆனால் ஸ்ரியரிங் வலப்பக்கம் சரிந்து நிற்கிறது, மணிக்கூட்டில் ஒன்றரை நிமிட அளவு. எதிர்பார்த்ததுதான், என்றாலும் பார்த்தபோது சந்தோசமாக இருந்தது. கோணல் பின்பக்கத்துக்கு ஏற்ப வைத்த முன்பக்கம், பின்பக்கம் நேரானதும் தன் கோணலைக் காட்டுகிறது. நாலு சில்லிலும் கமரா பூட்டுகிற இடம் ஒன்றைத் தேடிப் போய், பின்னை முதலில் அளந்து, அதை வைத்து முன்னைச் செற் பண்ணும்படி கேட்டேன். 4,000 ரூபா. அச்சடித்துத் தந்த தாளில் பின் டோ இடது 0.17, வலது 0.14 பாகை. கேம்பர் சய 1.4, சய 0.9. என் தங்கூசியும் தூக்குக் குண்டும் சொன்ன எண்களுக்கும் அதற்கும் எங்கேயும் பத்தில் ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் இல்லை. அந்தத் தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

செலவு. வேலைக்கு உதவியது: புஷ் நாலு 7,600, போல்ற் 2,800, லேத் 2,500, கடைசி அலைன்மென்ற் 4,000. மொத்தம் 16,900. தங்கூசி, பைப், வாள் பிளேட் எல்லாம் சேர்த்து 2,400. புது ரயர் சோடி 46,000. வீணாகப் போனது: பெயாரிங் கூலியோடு 17,500, ஷொக் 9,000, முதல் அலைன்மென்ற் 3,500. முப்பதாயிரம். நூல் கட்டாமல் முதலில் சாமான் வாங்கினதற்கான விலை அது.

திரும்பச் செய்வதென்றால் முதல் நாளே ரயரை முன்பின் மாற்றிச் சத்தம் எங்கே போகிறது என்று பார்ப்பேன். இரண்டாவது, தங்கூசி கட்டி டோ. தூக்குக் குண்டு மூன்றாவதுதான், அதுவும் நிலத்துக்கு மட்டம் பிடித்த பிறகு. கம்பி விட்டு நெம்பாமல் எந்தப் புஷ்ஷையும் நல்லம் என்று சொல்லமாட்டேன். பழைய 110 பார்க்கப் போகிறவர்கள், வாங்க முதல் ஐந்து நிமிடம் எடுத்துப் பின் ரயர்களின் உள்விளிம்பைக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இரண்டு திசையிலும் தடவுங்கள்.

வலப்பக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்தக் கேம் போல்ற் அசையவே இல்லை. வலது டோ தற்செயலாகச் சரியாக இருந்ததால் இடதை அதற்கேற்ப வைக்க முடிந்தது. ஆனால் அந்தப் பக்கமும் அதே உப்பில் ஓடின பக்கம்தான், புஷ்ஷுகளுக்கும் அதே வயது. பஞ்சிகாவத்தையிலிருந்து இரண்டாவது போல்ற்றும் எடுத்து வைத்துவிட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேமுக்கு எண்ணெய் விட்டு, சாவியைப் போட்டு ஒருமுறை அமத்திப் பார்க்கிறேன். தை பிறந்து மழை விட்டதும் வாளும் பிளேட்டுமாகப் படுக்க வேண்டியதுதான்.